ஒளிராத சிலிக்கனும் மேலதிகமாக ஒரு வருடமும்

“ஒளியில் ஓடும் கணினி வந்துவிட்டது, இனி இப்ப இருக்கிற கணினியெல்லாம் குப்பைக்குத்தான்” என்ற மாதிரி ஒரு காணொளி வருடத்துக்கு இரண்டு மூன்று தரமாவது எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும். யாராவது ஒரு நெருப்புப் படம் போடுவினம், இன்னொராள் “உண்மையோ?” என்று கேட்பார், அத்தோடு கதை முடிந்துவிடும். ஒருமுறை அப்படி முடியவிடாமல், உண்மையில் என்னதான் நடக்குது என்று வாசித்துப் பார்ப்பம் என நாங்கள் ஐந்து பேர் முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஒரு மணித்தியாலம். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருவர் மட்டக்களப்பு, ஒருவர் ஹட்டன், ஒருவர் கட்டாரில் வேலை. ஐந்து பேரும் ஏ.எல்.லில் பௌதிகவியல் படித்த ஆட்கள். அதுதான் எங்களிடம் இருந்த மொத்த முதல்.

எங்களில் ஒருத்திக்கு இந்த வாசிப்பு வெறும் பொழுதுபோக்கு இல்லை. விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். 3 வருடத்தில் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்து வேலை தேடுவதா, இன்னொரு வருடம் இருந்து பௌதிகவியலில் விசேட பட்டம் செய்வதா என்று அவள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் என்பது கேட்கச் சின்ன விசயம். வீட்டில் அவளுக்குப் பிறகு இரண்டு பேர் படிக்கிற நிலையில், அந்த ஒரு வருடச் சம்பளம் சின்ன விசயம் இல்லை. “பிஸிக்ஸ் படிச்சு என்ன செய்யப்போறாய்?” என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. கேட்டவர்களும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர்களுக்குச் சொல்ல எங்களிடமும் பதில் இருக்கவில்லை.

நாங்கள் வாசிக்கத் தொடங்கிய துறைக்கு ஒருங்கிணைந்த போட்டோனிக்ஸ் என்று பெயர். சாதாரண சிப்பில் செம்புக் கம்பிகளுக்கூடாக இலத்திரன்கள் ஓடுகின்றன. இங்கே சிப்பின் மேல் வரைந்த மெல்லிய கோடுகளுக்கூடாக ஒளி ஓடும். ஒளியைப் பிரிக்கிறது, சேர்க்கிறது, அணைக்கிறது, அளக்கிறது எல்லாத்தையும் ஒரு நகத்தளவு இடத்தில் செய்ய வேண்டும் என்பதுதான் குறி. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் மில்லர் என்பவர் இந்த யோசனையைக் கட்டுரையாக எழுதினார். மனிதன் நிலவில் கால் வைத்த அதே வருடம். நிலவுப் பயணம் பாடப்புத்தகத்தில் பழைய கதையாகிவிட்டது, இது இன்னும் செய்திகளில் “புதிய கண்டுபிடிப்பு” என்று வருகிறது. ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பதைத்தான் நாங்கள் முதலில் தேடினோம்.

தேடிப் போன இடமெல்லாம் ஒரே மாதிரியான விடை வந்தது. சமன்பாடு எப்பவோ தயாராக இருந்திருக்கிறது. பொருள்தான் தயாராக இருக்கவில்லை.

கண்ணாடி நாரை எடுங்கோ. வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் ஒளி அகப்பட்டு வளைந்து போவதை 1841 இல் ஜெனீவாவில் டானியல் கொலடன் செய்து காட்டிவிட்டார். முழு அகத்தெறிப்பு. ஓ.எல். பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் 1960கள் வரைக்கும் கண்ணாடி நாரில் ஒளியை நெடுந்தூரம் அனுப்ப முடியவில்லை, சில மீற்றருக்குள்ளேயே ஒளி செத்துவிடும். 1966 இல் சார்ல்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்ஹமும் குற்றம் கண்ணாடியில் இல்லை, அதற்குள் கிடக்கும் மாசில் என்று எழுதினார்கள். மாசை எடுத்து, 1 கிலோமீற்றர் போனபின் நூறில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சும் நார் செய்தால் போதும், தொலைத்தொடர்பு ஓடும் என்றார்கள். 1970 இல் கோர்னிங் நிறுவனத்தில் மூன்று பேர் அந்த நாரைச் செய்தே விட்டார்கள். இன்றைய நாரில் அதே நூறில் ஒரு பங்கு மிஞ்ச 100 கிலோமீற்றர் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் விளக்கைக் கொளுத்தினால் கிட்டத்தட்ட மாங்குளத்தில் நின்று பார்க்கிற மாதிரி. இடையில் மாறினது பௌதிகவியல் விதி இல்லை, கண்ணாடியின் சுத்தம். காவோவுக்கு 2009 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நாரில் இருந்து சிப்புக்கு வருவோம். இங்கே எங்களுக்குக் கைவந்தது ஏ.எல். கணக்குத்தான். கண்ணாடியின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.44, சிலிக்கனுக்கு ஏறத்தாழ 3.48. அவதிக்கோணத்தைப் போட்டுப் பார்த்தோம், 24 பாகையும் சொச்சமும் வந்தது. அதாவது சிலிக்கனுக்குள் போன ஒளி அவ்வளவு இலேசில் வெளியே வராது. கண்ணாடி நாரில் உள் கண்ணாடிக்கும் வெளிக் கண்ணாடிக்கும் முறிவுச்சுட்டி வித்தியாசம் மிகச் சிறிது, அதனால் நாரை இறுக்கி வளைத்தால் ஒளி கசிந்து போய்விடும். கண்ணாடியால் சூழப்பட்ட சிலிக்கன் கோட்டையோ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்குள் வளைக்கலாம். அப்படியான கோடு ஒன்று வழக்கமாக 450 நனோமீற்றர் அகலம், 220 நனோமீற்றர் உயரம். தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்கும் வராது. ஆங்கிலக் கட்டுரைகளில் இதற்கு வேவ்கைட் என்று பெயர். நாங்கள் எங்கட குறிப்புப் புத்தகத்தில் ‘ஒளிவாய்க்கால்’ என்று எழுதிக்கொண்டோம். வயலுக்குத் தண்ணீர் கட்டின ஆட்களுக்குச் சொன்ன உடனே விளங்கும்.

ஆனால் கண்ணுக்குச் சிலிக்கன் சாம்பல் நிறத்தில் மினுங்கும் ஒரு தகடு. ஒளி எப்படி அதற்கூடாகப் போகும்? கண்ணுக்குத் தெரியும் ஒளி போகாது. அலைநீளம் 1,100 நனோமீற்றருக்கு மேலே போனால், அந்தப் போட்டன்களின் சக்தி சிலிக்கனில் உள்ள இலத்திரனை எழுப்பப் போதாது. எழுப்ப முடியாத ஒளியை உறிஞ்சவும் முடியாது, ஆகவே விட்டுவிடும். தொலைத்தொடர்பில் ஓடுவது 1,310, 1,550 நனோமீற்றர் செந்நிறக்கீழ் ஒளி. அதற்குச் சிலிக்கன் கண்ணாடி மாதிரி. இந்த வழியை 1980களின் நடுப்பகுதியிலேயே ரிச்சர்ட் சோரெஃப் எழுதிவைத்தார். உலகம் முழுக்கக் கணினிச் சிப்புச் செய்யும் ஆலைகளில் ஏற்கெனவே இருக்கும் அதே பொருள், அதே இயந்திரங்கள். இதைவிட என்ன வேணும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஒரு குறை இருந்தது. சிலிக்கன் ஒளிராது.

ஏன் என்று விளங்க எங்களுக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. மேலே இருக்கும் இலத்திரன் கீழே விழும்போது மிச்சச் சக்தியை ஒளியாக விடவேண்டும் என்றால், சக்தி மட்டும் பொருந்தினால் போதாது, உந்தமும் பொருந்தவேண்டும். சிலிக்கனில் அது பொருந்தாது. விழ நினைக்கும் இலத்திரன் பளிங்கின் அதிர்வு ஒன்றின் கையைப் பிடித்துத்தான் விழவேண்டும், அது அருமையாகத்தான் வாய்க்கும். அதற்குள் சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். இந்தியம் பொசுபைட்டு போன்ற பொருட்களில் இந்தத் தடை இல்லை, லேசர் செய்வதும் அவற்றால்தான்.

ஒளிராத பொருளில் இருந்து ஒளி எடுக்கப் பட்ட பாட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரும் வந்தது. பொது அறிவுப் போட்டிகளுக்காக நாங்கள் பாடமாக்கின இராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 இல் கல்கத்தாவில் கண்டது. பொருளுக்குள் போகும் ஒளி, அதன் அதிர்வுக்குக் கொஞ்சச் சக்தியைக் கொடுத்துவிட்டு வேறு நிறத்தில் வெளியே வரும். முதல் பரிசோதனைகளுக்குச் சூரிய வெளிச்சமும் நிற வடிகட்டிகளும் போதுமாக இருந்தன. 2004 இல் கலிபோர்னியாவில் ஓஸ்தால் போய்ராஸும் பஹ்ராம் ஜலாலியும் இதே விளைவை வைத்துச் சிலிக்கனை லேசராக்கிக் காட்டினார்கள். அடுத்த வருடம் இன்டெல் நிறுவனம் அதைத் தொடர்ச்சியாக எரியவைத்தது. ஆனாலும் அதை எரியவைக்க வெளியே இருந்து இன்னொரு லேசர் வேணும், பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. 2006 இல் இன்டெலும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகமும் நேர்வழிக்கு வந்தன. ஒளிரும் பொருளை ஒளிராத சிலிக்கனுக்கு மேல் ஒட்டிவிட்டார்கள். தன்னால் முடியாததைச் செய்ய இன்னொருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்வது மாதிரி. 2016 இல் இன்டெல் சிலிக்கனில் செய்த ஒளிக்கருவிகள் தரவு மையங்களுக்கு விற்பனைக்கு வந்தன.

சிலிக்கனுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒளியில் தகவல் ஏற்ற வேண்டும் என்றால் அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் கோடித் தரம் மாற்றவேண்டும். வோல்ற்றளவு கொடுத்தவுடன் முறிவுச்சுட்டி மாறும் பளிங்குகள் உண்டு, சிலிக்கனின் அணு அடுக்கு சமச்சீரானபடியால் அதில் அந்தக் குணம் இல்லை. இலிதியம் நயோபேற்று என்ற பளிங்கில் அது நன்றாக உண்டு. இயற்கையில் கிடைக்காத, ஆய்வுகூடத்தில் வளர்க்கும் பளிங்கு அது. தொலைத்தொடர்பில் பல பத்தாண்டுகளாகப் பாவிக்கிறார்கள். ஆனால் பெரிய கட்டியாகத்தான் பாவித்தார்கள், கருவி ஒன்றே விரல் நீளம் வரும்.

திருப்பம் வந்தது அதை மெல்லிசாக்கத் தெரிந்தபோதுதான். பளிங்குக்குள் அயன்களைச் செலுத்தி, மேல் பக்கத்தை இன்னொரு தகட்டில் ஒட்டி, சூடாக்கினால் அயன் போன ஆழத்தில் அது பிளந்துகொள்ளும். சில நூறு நனோமீற்றர் தடிப்பில் ஒரு படலம் மிஞ்சும். 2018 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மார்க்கோ லொன்சாரின் குழு, நோக்கியா பெல் ஆய்வுகூடத்தாரோடு சேர்ந்து, அந்தப் படலத்தில் செய்த கருவி சாதாரண சிப்புக் கொடுக்கும் சின்ன வோல்ற்றளவிலேயே இயங்கி, செக்கனுக்கு 210 கிகாபிற் வரை அனுப்பியது. 2024 இல் சுவிற்சர்லாந்தின் லோசானிலும் சீனாவின் ஷங்ஹாயிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து அதன் உறவுக்காரப் பளிங்கான இலிதியம் தந்தலேற்றில் இதையே செய்து காட்டின. இந்தத் தந்தலேற்று கைபேசிகளின் வானொலி வடிகட்டிகளுக்காக ஏற்கெனவே மலிவாகத் தயாராகிற பொருள். நீங்கள் இதை வாசிக்கிற போனுக்குள்ளும் ஒரு துண்டு இருக்கக்கூடும்.

ஞாயிறு வாசிப்பில் எங்களை நன்றாகச் சிரிக்கவைத்தது ‘அவத்தை’ என்ற சொல். திண்மம், திரவம் என்ற நிலைகளுக்கு எங்கட பாடநூல் சொல் அது. ‘அவத்தை மாறும் பொருட்கள்’ என்று ஒரு தொகுதி உண்டு. ஹட்டன் நண்பரின் அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, “அவத்தை எங்க மாறுது, நாங்க பட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்” என்றார். ஜேர்மானியம், அந்திமனி, தெலூரியம் சேர்ந்த கலவை இதில் பெயர்போனது. சூடாக்கும் விதத்தைப் பொறுத்து அதன் அணுக்கள் பளிங்காக ஒழுங்காக நிற்கும், அல்லது கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாமல் உறையும். இரண்டு நிலைக்கும் ஒளி வேறு வேறு விதமாகத் தெறிக்கும். அழித்து அழித்து எழுதக்கூடிய சீடீ, டீவீடீகள் வேலை செய்தது இந்தக் குடும்பத்துப் பொருட்களால்தான். 2015 இல் இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் இருந்த ஆய்வாளர்கள் அந்தக் கலவையை ஒளிவாய்க்காலின் மேல் ஒரு பொட்டுப் போல வைத்து, ஒளியாலேயே எழுதி ஒளியாலேயே வாசிக்கும் நினைவகம் செய்தார்கள். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்.

இந்தப் பொருட்களின் மின்குணத்தை 1968 இல் வெளியிட்டவர் ஸ்டான்ஃபோர்ட் ஒவ்ஷின்ஸ்கி. அமெரிக்காவில் குடியேறிய, பழைய இரும்பு சேர்த்த ஒருவரின் மகன். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்து இயந்திரப் பட்டறையில் வேலை செய்தவர், பல்கலைக்கழகம் போகவில்லை. ஒழுங்கான பளிங்குகளில்தான் பிரயோசனம் என்று பெரிய ஆட்கள் நம்பின காலத்தில், ஒழுங்கில்லாத பொருட்களோடு மினக்கெட்டவர். அவரைப் பற்றி வாசித்த இரவு எங்கட தோழி வழமைக்கு மாறாக ஒன்றும் கதைக்கவில்லை.

சரி, ஒளிக் கணினி வந்துவிட்டதா? 2017 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் ஒளிச் சிப்பு ஒன்றுக்கு உயிரெழுத்து ஒலிகளை இனங்காணப் பழக்கினார்கள். அது சரியாகச் சொன்னது 76.7 சதவீதம். அதே வேலையைச் சாதாரணக் கணினி 91.7 சதவீதம் சரியாகச் செய்தது. இந்த இரண்டாவது எண்ணைக் காணொளிக்காரர் சொல்வதில்லை, ஆய்வாளர்கள் தங்கட கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். 2024 இன் கடைசியில் அதே நிறுவனத்தில் இருந்து வந்த புதிய சிப்பு 92 சதவீதத்துக்கு மேல் எட்டியது. 2025 சித்திரையில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு நிறுவனங்களின் ஒளிக் கணிப்புக் கருவிகள் பற்றிய கட்டுரைகள் ஒரே நேரத்தில் வந்தன. முன்னேற்றம் உண்மை. ஆனால் இரண்டு ஒளிக்கதிர்கள் ஒன்றையொன்று தொடாமல் கடந்து போகும் இயல்புள்ளவை, “இது இருந்தால் அதை நிறுத்து” என்ற முடிவெடுக்கும் வேலைக்கு ஒளி லாயக்குக் குறைவு. அதற்கு மின்னுக்கு மாற்றி மீண்டும் ஒளிக்கு மாற்ற வேண்டியிருக்கிறது, அதில் சக்தி செலவாகிறது. உங்கட மடிக்கணினியை இப்போதைக்கு எறிய வேண்டாம்.

ஒளி உண்மையாக உள்ளே நுழைந்துகொண்டிருப்பது சிப்புகளுக்கு இடையிலான பாதைகளில். சர்வதேசச் சக்தி முகவரகத்தின் கணிப்பின்படி 2024 இல் உலகத் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாற்று மணி மின்சாரம் எடுத்தன. உலக மின்பாவனையில் 1.5 சதவீதம். 2030 அளவில் அது இரட்டிப்புக்கும் மேலாகும் என்கிறார்கள். அதில் ஒரு பங்கு கணக்குப் போட இல்லை, தரவை இங்கிருந்து அங்கே காவச் செலவாகிறது. வேகம் கூடக் கூடச் செம்புக் கம்பி சூடாகும். 2025 பங்குனியில் என்விடியா நிறுவனம் ஒளிக்கருவிகளைச் சிப்புக்குப் பக்கத்திலேயே வைத்த வலையமைப்பு ஆளிகளை அறிவித்தது. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த ஆட்கள் நாங்கள். மெழுகுதிரியில் பாஸ்பேப்பர் செய்தவர்களுக்கு 1.5 சதவீதம் என்ற எண் வெறும் எண்ணாகத் தெரியாது.

இன்னொரு விசயமும் எங்களுக்கு உறுத்தியது. 2011 இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் கிராஃபீனை ஒளிவாய்க்காலின் மேல் விரித்து ஒளியை அணைத்து ஏற்றும் ஆளி ஒன்றைச் செய்தார்கள். கிராஃபீன் என்பது காரீயத்தின் ஓர் அணுத் தடிப்பே உள்ள ஒரு தாள். அவ்வளவு மெல்லிசிலும் தன்மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சும். அதை முதலில் உரித்தெடுத்தவர்கள் ஒட்டுநாடாவால்தான் உரித்தார்கள், 2010 இல் நோபல் பரிசும் எடுத்தார்கள். காரீயம் எங்கட நாட்டில் இருக்கிறது. கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் நிலத்துக்கடியில் நரம்பு நரம்பாக ஓடும் காரீயம் மிகச் சுத்தமானது என்று உலகத்துக்கே தெரியும். பிரித்தானியர் காலத்தில் இருந்து அது கப்பலேறிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியின் கதையையும் நயோபேற்றின் கதையையும் வாசித்துவிட்டு இதைப் பார்த்தால், பொருள் இருப்பது ஒன்று, அதை உரிக்கத் தெரிந்த கை இருப்பது இன்னொன்று என்பது தெளிவாக விளங்கும். அந்தக் கைகள் இங்கே இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் சூரியக் கலங்களுக்கான பொருட்களில் பல வருடங்களாக ஆய்வு நடக்கிறது. எங்கட உறவுக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இவ்வளவையும் வாசித்ததால் தோழியின் வீட்டுக் கணக்கு மாறிவிடவில்லை. மேலதிக வருடத்துக்கு யாரும் சம்பளம் கொடுக்கப்போவதில்லை. விசேட பட்டம் முடித்தாலும் ஆய்வு வேலை கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை, கிடைத்தால் அது வேறு நாட்டிலாகத்தான் இருக்கும் என்ற பயமும் அவள் அம்மாவுக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. எங்களில் ஏற்கெனவே ஒருவர் கட்டாரில் இருந்துதான் இந்தக் கதையில் கலந்துகொள்கிறார்.

ஆனால் “என்ன செய்யப்போறாய்?” என்று அப்பா கேட்டபோது அவளிடம் இம்முறை பதில் இருந்தது. நாரில் இருந்து தொடங்கி மாங்குளம் கணக்கு, ஒட்டின லேசர், மெல்லிசாக்கின பளிங்கு என்று அரை மணித்தியாலம் சொல்லியிருக்கிறாள். அப்பா மேசன் வேலை செய்பவர். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப எல்லாம் சாமான் சுத்தமா இருக்கிறதிலயும் பூச்சு மட்டமா விழுறதிலயும்தான் இருக்கு எண்டுறாய்” என்றாராம். நாங்கள் மாதக்கணக்கில் வாசித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

விசேட பட்டத்துக்கான படிவத்தை அவள் கொடுத்துவிட்டாள். பின்நேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறாள், வீட்டுக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும். தெரிவு முடிவு இன்னும் வரவில்லை.

எங்கட ஞாயிறுகள் தொடருது. ஆங்கிலக் கட்டுரைகளில் வரும் சொற்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல் சேர்க்கிறோம், இப்போது அறுபது சொல் வரை வந்திருக்கு. வேவ்கைட்டுக்கு ஒளிவாய்க்காலைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கோ. அவத்தைக்கு வேறு சொல் தந்தாலும் சந்தோசம், ஹட்டன் அம்மாவுக்காக.